படம் ஒட்டாத கட்டம்

திண்டிவனம்,
28-6-1998, ஞாயிறு.

அன்புச் சகோதரர் ஜனாப் முஹம்மது இலியாஸ் அவர்களுக்கு, மரக்காணம் சாலை பெண்கள் மதரஸாவிலிருந்து கைருன்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். நீங்கள் குவைத் போய்ச் சேர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதாக உங்கள் தம்பி ஜாபர் வந்து சொன்னார். வெயில் அங்கே இதைவிட அதிகம் என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் சுமையா முதல் மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் அழுவதற்கு மறந்துவிட்டாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது போதும், நான் இதைவிடக் கஷ்டமான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் படுக்கிற செஞ்சிப் பிள்ளையோடு சிநேகம் பிடித்துக்கொண்டாள். அம்மா வேர்க்கடலையில் செய்கிற மல்லாட்டை உருண்டை மாதிரி உலகத்தில் யாராலும் செய்ய முடியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

சேர்க்க வந்த அன்று நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள், அடிப்பீர்களா என்று. அன்றைக்குக் கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் நான் நிர்வாகத்துக்கு வந்த முதல் வாரமே பிரம்புகளை எல்லாம் அடுப்பில் வைத்துவிட்டேன். வெந்நீர் காய்ந்தது. தரையில் வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகளுக்குக் கட்டில் வந்தது, கழிவறைக்கு விளக்கு வந்தது, புளியமரத்தில் இரண்டு ஊஞ்சல் வந்தது. ஓதல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் கிடையாது. மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பாடம். வியாழக்கிழமை தோறும் பிள்ளைகளை உட்கார வைத்து, என்ன குறை என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்கிறேன். இது மதரஸாவா பால்வாடியா என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். ஓதுகிற பால்வாடி என்று சொல்லி அனுப்பினேன்.

இனி என் குறை. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்காக நாங்கள் கொடுத்த சந்திப்பு அட்டையில் மூன்று கட்டம் இருக்கிறது. தகப்பனார், தாயார், இன்னும் ஒருவர். உங்கள் படமும் தம்பி ஜாபர் படமும் ஒட்டியிருக்கிறது. தாயார் கட்டத்தில் படம் ஒட்டாமல் 'பர்தா' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேணுதலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டையின் நகல் என் பீரோவில் பூட்டிக் கிடக்கும். அதைப் பார்க்கிற கண்கள் இரண்டே ஜோடி. ஒன்று என்னுடையது, மற்றது வாசலில் இருக்கும் வெள்ளையம்மாளுடையது. இரண்டும் பொம்பளைக் கண்தான்.

போன வருஷம் முகம் மூடி வந்த ஓர் அம்மாள் மாமி என்று சொல்லி ஒரு பிள்ளையை அழைத்துப் போய்விட்டார். தாய் தகப்பன் சண்டையில் நடந்த காரியம். நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் பிள்ளை கிடைத்தாள். அந்த நான்கு நாளும் நான் சோறு தின்னவில்லை. அதிலிருந்து, அட்டையில் படம் இல்லாதவர் யாராக இருந்தாலும் பிள்ளையைக் காட்டுவதில்லை, அவர்கள் கொண்டுவந்த தின்பண்டத்தைக் கொடுப்பதும் இல்லை. நான் பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்தவள். ஆகையால் உங்கள் மனைவி சகோதரி ஹமீதாவின் படம் ஒன்றைத் தயவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் பரக்கத்துக்காகப் பிள்ளைகள் துஆ செய்கிறார்கள்.

வஸ்ஸலாம்.
கைருன்னிசா


திண்டிவனம்,
6-11-1998, வெள்ளி.

அன்புச் சகோதரர் இலியாஸ் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சகோதரி ஹமீதாவின் மறைவுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தையும் இல்லை, அருகதையும் இல்லை. பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஜும்ஆ முடிந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தும் அவர் உங்களுக்குச் சொல்ல விடவில்லை என்று தம்பி ஜாபர் சொன்னார். சம்பாதிக்கப் போனவரைக் கலக்க வேண்டாம் என்று எண்ணியிருக்கிறார். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் ஜுரம் கண்டு, வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். டாக்டர்கள் முடிந்தவரை பார்த்தார்கள் என்றார். மழைக்கு முன் அடக்கம் செய்ய வேண்டியிருந்ததால் பிள்ளையை அழைத்துப் போக ஆள் அனுப்ப முடியவில்லையாம். திங்கட்கிழமைதான் அவர் இங்கே வந்தார். நீங்கள் போனில் சொன்னபடி பிள்ளையிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவுக்குப் பல்வலியா என்று அவள் என்னிடம் கேட்டாள்.

புறப்படும்போது ஜாபர் என்னிடம் ஒன்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அண்ணி புதன்கிழமை இங்கே வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாரே, அப்போது உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் பதினாலாம் தேதி புதன்கிழமை, மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரம். காலாண்டுப் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மாள் வந்து, விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருக்கிறார், சுமையாவின் தாயார் என்கிறார், கையில் அட்டை இல்லை என்றாள். அட்டை தம்பி ஜாபரிடம் இருந்திருக்கிறது. அவர் அன்றைக்குச் சென்னையில் இருந்திருக்கிறார். எனக்கு இதெல்லாம் தெரியாது. பீரோவைத் திறந்து நகலைப் பார்த்தேன். தாயார் கட்டத்தில் படம் இல்லை, உங்கள் கையெழுத்தில் 'பர்தா' என்றுதான் இருந்தது. நான் கேட்டு எழுதியதற்கு, தம்பியே வந்து பார்த்துக்கொள்வான், படம் தேவைப்படாது என்று நீங்கள் பதில் போட்டிருந்தீர்கள். நான்கு மாதமாக அப்படியேதான் நடந்தது. அந்த அம்மாளை இந்த வாசலில் ஒருவரும் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்டையோடு வரச் சொல் என்றேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

அவர் கெஞ்சியதை வெள்ளையம்மாள் திரும்ப வந்து சொன்னாள். "ஒரே ஒரு தபா புள்ள மூஞ்சிய பாத்துக்கினு போயிர்றேன், உள்ளகூட வரல" என்று கேட்டாராம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். பெங்களூர் என் கண் முன்னால் நின்றது. அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. ரோட்டுக்கு எதிர் வாடையில் ரைஸ் மில் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். தூறல் விழுந்தது. வெள்ளையம்மாள் சாக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் விளையாட வெளியே வருவார்களா என்று கேட்டிருக்கிறார். மழைநாளில் வரமாட்டார்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். சாயங்கால அஸர் பாங்கு சொன்னதும் எழுந்து, ஒரு பொட்டலத்தை இவள் கையில் கொடுத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பொட்டலத்தையும் நான் கொடுக்கவில்லை. என் சட்டம் அப்படி. பீரோவுக்குள் வைத்தேன். ஜாபர் வந்துபோன பிறகுதான் பிரித்தேன், மல்லாட்டை உருண்டை பதினொன்று இருந்தது.

அன்றைக்குச் சகோதரி ஹமீதா வீட்டுக்குப் போய், 'பாத்துட்டேன், நல்லா இருக்கா, கொஞ்சம் வளந்திருக்கா' என்று சொன்னாராம். ஜாபரும் உங்களுக்குப் போனில் அதைத்தான் சொல்லியிருப்பார். சகோதரரே, அவர் பார்க்கவில்லை. பிள்ளையைக் காட்டவில்லை என்றால் உங்களுக்குள் மனஸ்தாபம் வரும் என்று நினைத்தாரோ, வேறு என்ன நினைத்தாரோ, அல்லாஹ் அறிவான்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு படம், விரல் நுனி அளவு படம் என்று மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டேன். பிறகு அதுவும் போய்விட்டது. பிள்ளை உள்ளேயேதான் இருந்தாள். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போய், கதவு ஓட்டை வழியாகப் பார், இது உன் அம்மாவா என்று கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. குரல் ஒன்று போதுமே. பிள்ளைகளைக் கேட்டுத்தான் எதையும் நடத்துகிறேன் என்று நாலு வருஷம் பெருமை அடித்துக்கொண்டவள், அன்றைக்குப் பிள்ளையைக் கேட்கவில்லை.

என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். கமிட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் மன்னிப்புக்காக அல்ல, தெரிய வேண்டியவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.

வஸ்ஸலாம்.
கைருன்னிசா


திண்டிவனம்,
3-12-1998, வியாழன்.

அன்புச் சகோதரர் இலியாஸ் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. திட்டியிருப்பீர்கள் என்று பயந்து பயந்து பிரித்தேன். 'அல்லாஹ்வின் நாட்டம், உங்கள்மேல் வருத்தம் இல்லை' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். வீடு பூட்டிக் கிடக்கிறது, ஜாபர் கல்யாணம் ஆகாதவர், அவரால் பெண்பிள்ளையை வைத்துப் பார்க்க முடியாது, ஆகவே ரமலான் விடுமுறைக்கும் சுமையாவை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக. அவள் என் மகளாக இருப்பாள். அதில் ஒரு யோசனையும் வேண்டாம்.

ஆனால் இரண்டாயிரமாம் வருஷம் காண்டிராக்ட் முடிந்து நான் வந்து சொல்லிக்கொள்கிறேன், அதுவரை தாய் இல்லாததைச் சொல்ல வேண்டாம் என்கிறீர்களே, அது என்னால் முடியாது. பிள்ளையாயிற்றே, நாளாக ஆகத் தானாக மறந்துவிடும் என்கிறீர்கள். மறக்கவில்லை சகோதரரே. ஒவ்வொரு சந்திப்பு ஞாயிறும் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்து தலைவாரிக்கொள்கிறாள். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வருகிறார்கள். ஜாபர் கொண்டுவரும் பேக்கரி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, அம்மா கொடுத்தாங்களா என்று கேட்கிறாள். அவர் ஆமாம் என்கிறார். கடையில் வாங்கியது என்று அவளுக்குத் தெரிகிறது. அம்மா ஏன் இப்போதெல்லாம் உருண்டை செய்வதில்லை என்று போன ஞாயிறு என்னிடம் கேட்டாள். நான் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

டிசம்பர் பதினேழாம் தேதி விடுமுறை. இப்போதே பிள்ளைகள் பெட்டிகளை இறக்கித் துடைக்கிறார்கள். சுமையாவும் துடைத்துவிட்டாள். ஒரு பாவாடை சட்டை, பூவேலை செய்த ஒரு கைக்குட்டை, இரண்டாம் ரேங்க் வாங்கிய பரீட்சைத் தாள், எல்லாம் உள்ளே போய்விட்டது. எண்பது பிள்ளைகளும் கிளம்பிப் போன பிறகு, பெட்டியோடு நிற்கிற ஒரு பிள்ளையிடம் நான் என்ன பொய் சொல்வது, நீங்களே எழுதுங்கள்.

அரபி வீட்டில் டிரைவர் வேலை என்பது எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கும், இரண்டு வருஷம் முடிவதற்கு முன் லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவர்களும் பிள்ளை பெற்றவர்கள். மனைவி மவுத்தாகிவிட்டாள், ஒன்பது வயது மகள் இருக்கிறாள் என்று வாய் திறந்து சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். நீங்கள் யாரிடமும் சொல்லாமல் அந்த ஊரில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

வர முடியாவிட்டால் போனிலாவது நீங்களே சொல்லுங்கள். எதிரில் ரைஸ் மில் சக்கரபாணியிடம் கேட்டுவிட்டேன், எந்த நேரமானாலும் கூப்பிட்டு விடுகிறேன் என்றார். நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தகப்பன் வாயால் கேட்பது ஒரு பிள்ளைக்கு வேறு. பதினேழாம் தேதி வரை காத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
கைருன்னிசா


திண்டிவனம்,
24-12-1998, ரமலான் பிறை நான்கு.

அன்புத் தம்பி இலியாசுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இத்தனை நடந்த பிறகு ஜனாப் என்று எழுதக் கை வரவில்லை. உங்களைவிடப் பத்து வயது மூத்தவள், தம்பி என்றே எழுதுகிறேன்.

பதினாறாம் தேதி நீங்கள் போன் செய்தீர்கள். சக்கரபாணி ஆள் அனுப்பியதும் பிள்ளை செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பின்னாலேயே நானும் போய் மில் வாசலில் நின்றேன். வாட்ச் வாங்கி வைத்திருக்கிறேன், சாக்லேட் அனுப்புகிறேன், நன்றாக ஓது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். பிள்ளை போனை வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தாவுக்கு ஜலதோஷம் என்று என்னிடம் சொன்னாள். உங்களால் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

மறுநாள் எல்லோரும் போனார்கள். மாலையில் மதரஸா வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் பெட்டியைக் கட்டிலில் வைத்து அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது, ஆபரேஷன் செய்தார்கள், பிறகு ஜுரம் வந்தது, அல்லாஹ் அழைத்துக்கொண்டான், விழுப்புரத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள், உன்னைக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்றேன். எதையும் ஒளிக்கவில்லை. பிறகு என் குற்றத்தையும் சொன்னேன். அம்மா உன்னைப் பார்க்க இங்கே வந்தார், அட்டை இல்லை என்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்றேன். என் முகத்தில் அறைவாள், இல்லை எழுந்து ஓடுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா வந்தாங்களா?" என்றாள்.

தம்பி, அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன். சந்தோஷப்பட்டாள். தாய் இறந்த செய்தி கேட்ட பிள்ளை சந்தோஷப்பட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்தபோதுதான் விளங்கியது. இங்கே வருவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டாளாம். அம்மா ஏசியிருக்கிறார். அந்தக் கோபத்தில்தான் தன்னை இங்கே விட்டுவிட்டார், அதனால்தான் ஒரு ஞாயிறுகூட வரவில்லை என்று ஆறு மாதமாக இந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வியாழக்கிழமை தோறும் என்ன குறை என்று கேட்டேனே, ஒருநாளும் சொல்லவில்லை. தன் குறை என்று நினைத்ததை எப்படிச் சொல்வாள்.

"எம்மா நேரம் இருந்தாங்க?" என்று கேட்டாள். லுஹரிலிருந்து அஸர் வரைக்கும் என்றேன். எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய் மில் சுவரைக் காட்டினேன். அங்கே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். நானும் ரோட்டில் நிற்கிறோம் என்பதை மறந்து அழுதேன். வெள்ளையம்மாள் ஓடி வந்து இருவரையும் உள்ளே கூட்டிப் போனாள்.

மறுநாள் விழுப்புரம் போய் வந்தோம். ஜாபர் அடக்கம் செய்த மையவாடியின் வாசல் வரை கூட்டிப் போனார். வெளியிலிருந்தே துஆ செய்தோம். பிள்ளை தெளிவாக ஓதினாள், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்று ஜாபர் சொன்னார்.

இப்போது என்னோடு என் அறையில்தான் படுக்கிறாள். நோன்பு பிடிக்கிறேன் என்று பிடிவாதம் செய்து, நேற்று அரை நாள் பிடித்தாள். கத்தரிக்காய் தின்ன ஆரம்பித்திருக்கிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒதுக்கி வைக்கிற பிள்ளையாகவே இருக்கட்டும். என் மனதுக்குப் பயந்து எதையும் தின்ன வேண்டாம். தட்டைக் கழுவி வைக்கிறாள், நான் கேட்காமலே அறையைப் பெருக்குகிறாள், தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். ஒன்பது வயதுக்கு இவ்வளவு ஒழுங்கு ஆகாது. அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. பிரம்பை எரிக்கத் தெரிந்தது, ஊஞ்சல் கட்டத் தெரிந்தது, இது தெரியவில்லை.

அட்டை விதியை மாற்றிவிட்டோம். யார் வந்தாலும் முதலில் பிள்ளையைக் கேட்பது என்று எழுதிக் கமிட்டியில் கையெழுத்து வாங்கிவிட்டேன். இதை ஆறுதலாக எழுதவில்லை, தகவலாகத்தான் எழுதுகிறேன்.

நேற்று நோன்பு திறந்த பிறகு, அத்தாவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன், ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டேன். வாட்ச், சாக்லேட் ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் கீழே வைத்தாள். பிறகு, "அத்தா எம்மேல கோவமா இருக்காங்களான்னு கேளுங்க" என்றாள்.

அவள் சொன்னபடியே கேட்டுவிட்டேன், தம்பி. இதற்குப் பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அந்த முதலாளியின் மனதை அல்லாஹ் இளக்குவானாக, உங்களைச் சுகமாக இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஒரே ஒரு நாளுக்கானாலும் வாருங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் அக்கா,
கைருன்னிசா